வாய் வறண்டால் பல் நிற்காது

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று இந்தக் கரை நெடுகப் பல்வலியோடு வருகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி "எந்தப் பல்?" என்பதுதான். பல நேரம் அதோடு கேள்வியும் முடிந்துவிடுகிறது. அந்தப் பல்லைப் பிடுங்குகிறார்கள், அல்லது அடைக்கிறார்கள். சில மாதத்தில் பக்கத்துப் பல் ஆடத் தொடங்குகிறது. பல்லைக் கெடுத்த காரணம் அந்தப் பல்லில் இல்லையே! என்ன சாப்பிடுகிறார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு மாத்திரை போடுகிறாரா, கர்ப்பமா, மாதவிடாய் நின்றுவிட்டதா, புகையிலையா, கஞ்சாவா என்று கேட்டால்தான் காரணம் பிடிபடும். இவை தனித்தனி விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை கைவைக்கும் இடம் ஒன்று: உமிழ்நீர்.

உடல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருக்கின்றன. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் இருக்கிறது. இனிப்பையோ மாவையோ வாயில் போட்டால் பல்லின் மேல் படிந்திருக்கும் கிருமிகள் சில நிமிடங்களில் அமிலம் உண்டாக்கும். பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே போனதும் பல்லின் மேற்பூச்சான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைகிறது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறவர்களுக்கு இன்னும் மோசம், வேர்ப்பகுதி 6.5-ஐ ஒட்டிய அளவிலேயே கரையத் தொடங்கும். உமிழ்நீர் நன்றாகச் சுரக்கிற வாயில் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் அமிலம் தணிந்து, கரைந்த சத்தில் ஒரு பகுதி திரும்ப வந்து பல்லில் படியும். வறண்ட வாயில் அமிலம் அப்படியே நிற்கும்.

உங்கள் வாயில் எவ்வளவு சுரக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலையில், கடைசியாகச் சாப்பிட்டோ டீ குடித்தோ பல் விளக்கியோ ஒன்றரை மணி நேரம் ஆன பிறகு செய்யுங்கள். சளி மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி போதும். நாற்காலியில் உட்கார்ந்து தலையை முன்னால் குனிந்து, ஒரு தடவை விழுங்கிவிட்டு நேரத்தைப் பாருங்கள். அதற்கு மேல் விழுங்கக் கூடாது, மெல்லக் கூடாது, பேசக் கூடாது. ஊறுகிறதை மூடிக்குள் வழியவிடுங்கள். 15 நிமிடத்தில் 1.5 மில்லிக்குக் குறைவாகச் சேர்ந்தால் சுரப்பு குறைவு. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. நுரையைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு நிமிடம் அடங்கவிட்டு நீர் மட்டத்தைப் பாருங்கள். முந்தின நாள் வெயிலில் காய்ந்து தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லையென்றால் கணக்கு தப்பும். வேறொரு நாள் பார்ப்பது நல்லது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அடிக்கடி தப்புகிறது. விசைப்படகில் ராத்திரி தங்கலுக்குப் போகிறவர் குடிதண்ணீரை அளந்து குடிக்கிறார். தூக்கம் வராமலிருக்க டீ, பசியை அடக்கப் புகையிலை அல்லது உதட்டுக்குள் அடக்கும் பொட்டலம். கழுத்தளவு தண்ணீரில் பல மணி நேரம் நின்றும் முங்கியும் பாசி எடுக்கிற பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. பல்லுக்கு இதைவிடக் கெட்ட சூழ்நிலை இல்லை.

எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு இது: உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். டீக்கு இரண்டு டீஸ்பூன் போட்டால் மூன்று டீயோடு முடிந்தது. ஆனால் பல்லைப் பொறுத்தவரை அந்த 25 கிராமை ஒரே தடவையில் சாப்பிடுகிறவரைவிட, எட்டுத் தடவையாகப் பிரித்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் சேதம் அதிகம். ஒவ்வொரு தடவையும் அரை மணிக்கு மேல் அமிலம். ஒரு டம்ளர் டீயை முக்கால் மணி நேரம் வைத்து உறிஞ்சினால் அந்த முக்கால் மணியும் அதில் சேரும். டீயை விடச் சொன்னால் படகில் யாரும் விடப்போவதில்லை, சொல்வதிலும் பயனில்லை. சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்து முடியுங்கள், உடனே இரண்டு வாய் தண்ணீர் கொப்பளியுங்கள், நடுவில் வருகிற டீயைச் சர்க்கரை இல்லாமல் போடுங்கள் என்று சொன்னால் கேட்பார்கள்.

கருப்பட்டி பல்லுக்கு நல்லது என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக இருக்கிறது. பனை நம் ஊருக்குச் சோறு போடுகிற மரம். அதன் பெருமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் உண்டு, கிருமிக்கு அதனால் வித்தியாசம் தெரியாது. கீழக்கரைத் தொதலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிய பண்டம். கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பில் உள்ள பள்ளத்தில் போய் அப்பிக்கொண்டால் நாக்கால் எடுக்க முடியாது, தண்ணீர் கொப்பளித்தாலும் முழுசாகப் போகாது. ராத்திரி படுக்கப்போகும் முன் தொதல் தின்றால் விடியும்வரை அங்கேயே இருக்கும். தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தின்றுவிட்டு, அதன் பிறகு வெள்ளரிக்காயோ அவித்த பனங்கிழங்கோ நன்றாக மென்றால் சேதம் குறையும். மென்றுகொண்டே இருந்தால் உமிழ்நீர் ஊறும். நார் உள்ள எதுவும் இதற்கு உதவும்.

பதநீரில் சுண்ணாம்பு இருப்பதால் பல்லுக்குக் கால்சியம் கிடைக்கும் என்பதும் அரைகுறை உண்மைதான். பானையில் தடவும் சுண்ணாம்பு புளிப்பைத் தடுக்கிறது, கொஞ்சம் கால்சியமும் கரைகிறது. ஆனால் பல் முளைத்து முடிந்த பிறகு உணவுக் கால்சியம் பல்லின் உள்ளே போய்ச் சேருவதில்லை. தாடை எலும்புக்குப் போகும். பல் அந்த எலும்பில்தான் நிற்கிறது என்பதால் கால்சியம் வேண்டியதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐசிஎம்ஆர் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது நாளுக்கு 1000 மில்லிகிராம். முள்ளோடு தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை, 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் தரும் கேழ்வரகு, தயிர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு தினமும் தட்டில் இருந்தால் பெரும்பங்கு வந்துவிடும். மீன் ஊரில் இருந்துகொண்டு பெரிய மீனின் சதையை மட்டும் தின்றால் கால்சியம் அவ்வளவாகக் கிடைக்காது. ஈறில் ரத்தம் கசிகிறவர்கள் வைட்டமின் சி-யையும் பார்க்க வேண்டும். சோறு, மீன், கருவாடு, டீ என்றே நாள்கணக்கில் ஓடினால் பழமும் காயும் விட்டுப்போகும். நாளுக்கு ஒரு நெல்லிக்காய் போதும். ஆனால் வாய் வறட்சிக்கு எலுமிச்சையைச் சப்பும் பழக்கம் வேண்டாம். அதன் அமிலம் பல்லை நேராகவே கரைக்கும்.

ஃபுளோரைடு பற்றி ஒரு வார்த்தை. பற்பசையில் 1000 பிபிஎம் ஃபுளோரைடு இருக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு. துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டால் மருந்து நிற்கும். போர்த் தண்ணீர் குடிக்கிற வீட்டில் பிள்ளைகளின் முன்பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ தெரிந்தால் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். 1 லிட்டரில் 1 மில்லிகிராம்வரை சரி, 1.5-க்கு மேல் கூடாது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். உமிக்கரி, செங்கல் பொடி, உப்பு இவற்றால் தேய்ப்பது எனாமலைத் தேய்த்தே தீர்த்துவிடும்.

ஈறு ஹார்மோனுக்குச் செவிசாய்க்கும்

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் ஈறில் இருக்கின்றன. அதனால்தான் பெண்பிள்ளைகளுக்கு வயதுக்கு வரும் சமயத்திலும், மாதவிடாய்க்கு முந்தின நாள்களிலும் ஈறு சிவந்து ரத்தம் வருகிறது. கர்ப்பத்தில் இது உச்சத்துக்குப் போகும். இரண்டாம் மாதத்தில் தொடங்கி எட்டாம் மாதம்வரை கூடும், பிரசவத்துக்குப் பிறகு தணியும். அழுக்கு அதே அளவுதான் இருக்கும், ஈறு அதற்குக் காட்டும் கோபம் பல மடங்கு. சிலருக்கு இரண்டு பல்லுக்கு நடுவில் சிவந்த கட்டி ஒன்று எழும்பும். புற்று என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகு சுருங்கிவிடும். சாப்பிட முடியாத அளவு ரத்தம் வந்தால் மட்டும் வெட்டி எடுப்பார்கள்.

பிள்ளை பெற்றால் பல் போகும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியம் எடுப்பதில்லை. மசக்கை வாந்தியின் அமிலம், அடிக்கடி எதையாவது கொறிப்பது, பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறது என்று விளக்காமல் விடுவது, இந்த மூன்றும் சேர்ந்துதான் பல்லைத் தின்கின்றன. வாந்தி எடுத்தவுடன் பல் விளக்கக் கூடாது. அமிலத்தில் இளகிய எனாமல் பிரஷ்ஷோடு போய்விடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பி, ஒரு மணி நேரம் கழித்து விளக்குங்கள். சுத்தம் செய்யவும் அடைக்கவும் வசதியான காலம் நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம். வலி தாங்க முடியாவிட்டால் எந்த மாதத்திலும் செய்யலாம். சீழைப் பிள்ளைப்பேறு முடியட்டும் என்று வைத்திருப்பதுதான் ஆபத்து. மரத்துப்போகும் லிக்னோகெய்ன் ஊசி கொடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால். இபுப்ரோஃபன் 20 வாரத்துக்கு மேல் கூடாது. டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின் கூடவே கூடாது, பிள்ளையின் பல்லில் கறை படியும்.

இன்சுலினும் ஹார்மோன்தான் என்பதைப் பல்லின் பேச்சில் எல்லாரும் மறந்துவிடுகிறோம். சர்க்கரை கட்டில் இல்லாதபோது ஈறு நோய் வேகமாக முற்றும், உமிழ்நீரும் குறையும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது. ஈறுக்கு ஆழமாகச் சுத்தம் செய்த மூன்று, நாலு மாதத்தில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதற்கு நிகராக இதைச் சொல்லலாம். பல் பிடுங்கப் போகும்போது வெறும் வயிற்றில் போகாதீர்கள். காலைச் சாப்பாடும் வழக்கமான மாத்திரையும் முடித்து, காலை நேரத்திலேயே போங்கள். பயத்தில் பட்டினியாகப் போய் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயங்குவது நடக்கிறது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிற ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபினாக இருந்தால் ஈறைக் கவனியுங்கள். சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. சுத்தமாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொன்னால் மாற்றுவார். தைராய்டு மிகுந்து கட்டுப்படாமல் இருப்பவர்களுக்கு அட்ரினலின் கலந்த மரப்பு ஊசியில் கவனம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களில் பலருக்கு வாய் வறட்சியும், புண் எதுவும் இல்லாமலே நாக்கு எரிச்சலும் வரும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரையோ ஆண்டுக்கொரு சோலெட்ரோனிக் ஊசியோ போடுகிறவர்கள் பல் பிடுங்கும் முன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் பிடுங்கினால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்து நிற்கும். அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடுவது நல்லது.

கஞ்சா: எது நிரூபணம், எது நம்பிக்கை

இந்தக் கரையில் கஞ்சா என்றாலே பறிமுதல் செய்திதான் நினைவுக்கு வரும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதனால் மருத்துவக் கஞ்சா பற்றி நிதானமாகப் பேசவே ஆளில்லை. பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல்வலிக்குப் புகைக்கிறவர்கள் இருக்கிறார்கள், இணையத்தில் எண்ணெய் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி. போதை தராத முக்கியப் பொருள் சிபிடி. 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் டிஎச்சியைப் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டார்கள். நம் உடலே அதைப்போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1992-இல் தெரிந்தது. அதற்கு ஆனந்தமைடு என்று பெயர். அதற்கான ஏற்பிகள் மூளையில் மட்டுமில்லை, உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் இருக்கின்றன. அவற்றைத் தூண்டினால் சுரப்பு குறைகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். கஞ்சா புகைத்தவருக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டுவதன் காரணம் அதுதான். பிறகு வருகிற பசியில் இனிப்பைத் தேடுவார்கள். வறண்ட வாய், அதில் இனிப்பு. பல் தாங்குமா? நியூசிலாந்தின் டுனெடின் நகரில் ஒரே ஆண்டில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-இல் வந்தது. புகையிலையைக் கழித்துக் கணக்கிட்டாலும் கஞ்சா புகைப்பவர்களுக்கு ஈறு நோய் அதிகம் என்றது.

வலியைக் குறைக்குமா? 1977-இல் கடைவாய்ப் பல் அறுவைக்கு முன் டிஎச்சியை நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள்; வெறும் ஊசியைவிட நல்ல பலன் இல்லை. 2011-இல் இன்னொரு வகைக் கஞ்சா ஏற்பி மருந்தை இபுப்ரோஃபனோடு ஒப்பிட்டார்கள், அதுவும் தோற்றது. சிபிடிக்கு மட்டும் நம்பிக்கை தருகிற முடிவு ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. கடும் பல்வலியோடு வந்த 60 பேர் அளவில், உடல் எடையில் கிலோவுக்கு 10 அல்லது 20 மில்லிகிராம் தூய சிபிடி கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்தில் வலி பெருமளவு இறங்கியது. தூக்கக் கலக்கமும் வயிற்றுப்போக்கும் பக்கவிளைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 600 மில்லிகிராம். இணையத்தில் விற்கிற எண்ணெயில் சில சொட்டில் கிடைக்கிற அளவு இல்லை அது. ஒரு ஆய்வு, ஒரே ஒரு வேளை மருந்து என்பதையும் மனதில் வையுங்கள். தாடைத் தசை வலிக்கு மேலே தடவும் சிபிடி களிம்பு போலந்தில் 2019-இல் 14 நாள் சோதனையில் பலன் காட்டியது. இறுக்கிக் கடித்துத் தாடை வலிக்கிறவர்களுக்கு இந்தத் திசையில் நல்ல மருந்து வரலாம் என்பது என் கணிப்பு. சொத்தைப் பல்லுக்கு இல்லை. உள்ளே அழுகுகிற நரம்பை எந்த வலிமருந்தும் ஆற்றாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி பூவும் காயும் உள்ள நுனி கஞ்சா, பிசின் சரஸ். கஞ்சா 1 கிலோவுக்குள் என்றாலும் குற்றம், ஓராண்டுவரை சிறை. ஆயுர்வேத, சித்த முறைகளில் கஞ்சா சேர்ந்த மருந்துகள் உண்டு, உரிமம் பெற்ற நிறுவனம் செய்து மருத்துவர் மேற்பார்வையில் தருவது. சந்தில் வாங்கிய பொட்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழக்கத்திலிருந்து மீளத் தாமாகவே சிகிச்சைக்கு வருகிறவருக்கு அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது.

புகைக்கிறவர் பல் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். நோயாளி சொன்னதை வெளியே சொல்லாமலிருப்பது மருத்துவரின் கடமை. புகைத்த உடனே நாடி துடிப்பு ஏறும். அந்த நேரத்தில் அட்ரினலின் கலந்த ஊசி போட்டால் படபடப்பு இன்னும் கூடும். தினமும் புகைக்கிறவர்களுக்கு மரப்பு மருந்தும் மயக்க மருந்தும் வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படலாம். போதையில் இருப்பவர் கொடுக்கும் சம்மதம் சம்மதம் ஆகாது, அதனால் அன்றைக்கு மருத்துவர் வேலையைத் தள்ளிப்போட்டால் கோபப்படாதீர்கள். சிபிடி எண்ணெய் குடிக்கிறவர், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையும் போடுகிறவராக இருந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும். பிடுங்கிய பிறகு மூன்று நாள் எதையும் புகைக்கக் கூடாது. உறிஞ்சும் வேகத்தில் ரத்தக்கட்டி பெயர்ந்து குழி காய்ந்துவிடும். மூன்றாம் நாள் காதுவரை இழுக்கும் வலி அதுதான்.

கடலில் இருக்கும்போது பல் வலித்தால் சாப்பிட்ட பிறகு இபுப்ரோஃபன் 400, பாராசிட்டமால் 500 இரண்டும் சேர்த்துப் போடலாம். எட்டு மணிக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர் இபுப்ரோஃபன் தொடக் கூடாது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் காய்ந்துகொண்டு அதைப் போட்டால் நல்ல சிறுநீரகமும் கெடும். மாத்திரையை ஈறில் அடக்கி வைத்தால் சதை வெந்துவிடும். கிராம்பு எண்ணெய் என்றால் பஞ்சில் ஒரு சொட்டு, ஓட்டைக்குள் மட்டும். தாடைக்குக் கீழே வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவும் முடியாமல் போனால் படகைத் திருப்புங்கள். மூச்சுக்குழாய் அடைபடும் நிலை அது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பல உட்காரல் தேவைப்படும் வேர் சிகிச்சைக்கும் ஈறு சுத்தத்துக்கும் கடலோரக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது. முதல் வாரத்திலேயே எச்பிஏ1சி எடுத்து, போடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அரசு மருத்துவமனைக்கோ பக்கத்துப் பல் மருத்துவரிடமோ போங்கள். வாயைத் திறந்து மூன்று விரலைச் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் பாக்கால் வாய் இறுகியிருக்கலாம், அதை முதலில் காட்டுங்கள். ஏப்ரல் கடைசிக்குள் சுத்தம், மே மாதத்தில் அடைப்பும் வேர் சிகிச்சையும், ஜூன் முதல் வாரத்தில் மறுபார்வை. ஆகஸ்டில் இன்னொரு எச்பிஏ1சி எடுத்து ஏப்ரல் சீட்டோடு ஒப்பிடுங்கள்.